ஐபிஓ ஆவணத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் லோகோக்கள் யாருடையவை? முதலீட்டு வங்கிகள் யாருக்காக வேலை செய்கின்றன?

2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா ஐபிஓ வந்தபோது நீங்களும் விண்ணப்பித்திருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிற கம்பெனி. சான்ட்ரோவும் ஐ10-ம் பார்த்து வளர்ந்த நமக்குப் புதிதாக அறிமுகம் தேவையில்லை. 27,870 கோடி ரூபாய் வெளியீடு, அதுவரை இந்தியா பார்த்ததிலேயே பெரியது. ஒரு பங்கு 1,960 ரூபாய். ஆனால் சிறு முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கிய பங்குகளில் பாதிக்குத்தான் விண்ணப்பம் வந்தது. பெரிய நிறுவன முதலீட்டாளர்கள் பிரிவிலோ கிட்டத்தட்ட 7 மடங்கு. பட்டியலான முதல் நாளில் பங்கு சுமார் 7% சரிந்து முடிந்தது.

அந்த 1,960 ரூபாயை யார் முடிவு செய்தார்கள்? 'மார்க்கெட்' என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பங்கு அப்போது மார்க்கெட்டுக்கே வரவில்லை. ஐபிஓ ஆவணத்தின் முதல் பக்கத்தில் கீழே வரிசையாகச் சில லோகோக்கள் இருக்கும். ஹூண்டாய் ஆவணத்தில் கோட்டக் மஹிந்திரா கேபிடல், சிட்டி, ஹெச்எஸ்பிசி, ஜே.பி. மார்கன், மார்கன் ஸ்டான்லி. கம்பெனியோடு உட்கார்ந்து விலையைச் செதுக்கியவர்கள் இவர்கள்தான். இவர்களைத்தான் முதலீட்டு வங்கிகள் என்கிறோம்.

வங்கி என்கிறார்கள், ஆனால் பாஸ்புக் கிடையாது

உங்கள் சம்பளம் வந்து விழுகிற வங்கிக்கும் இவற்றுக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. சாதாரண வங்கி உங்களிடம் டெபாசிட் வாங்கி இன்னொருவருக்குக் கடன் கொடுக்கும். நடுவில் இருக்கும் வட்டி வித்தியாசம்தான் அதன் பிழைப்பு. முதலீட்டு வங்கி அடிப்படையில் ஒரு தரகர். பணம் தேவைப்படும் கம்பெனி அல்லது அரசு ஒரு பக்கம், பணம் வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் கம்பெனி, ஹெட்ஜ் ஃபண்ட் எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்துக் கமிஷன் வாங்குவது வேலை. நம்ம ஊர் நிலத் தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார் இல்லையா? கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் நல்ல சூட்டு போட்டுக்கொண்டு.

இந்த இரண்டு தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாமா என்பதில் அமெரிக்கா பலமுறை மனதை மாற்றிக்கொண்டது. 1929 பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு, மக்களின் டெபாசிட்டோடு சூதாடக் கூடாது என்று 1933-இல் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் இரண்டையும் பிரித்தது. அதன் விளைவாக ஜே.பி. மார்கன் வங்கியிலிருந்து பிரிந்து 1935-இல் பிறந்ததுதான் மார்கன் ஸ்டான்லி. 1999-இல் அந்தத் தடை விலகியது. 2008 நெருக்கடியில் தனித்து நிற்க முடியாமல் கோல்ட்மேன் சாக்ஸும் மார்கன் ஸ்டான்லியும் மத்திய வங்கியின் பாதுகாப்புக்காக 'வங்கி நிறுவனங்கள்' ஆகிவிட்டன. இன்று ஜே.பி. மார்கன், சிட்டி, பேங்க் ஆஃப் அமெரிக்கா எல்லாமே இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கின்றன.

இந்தியாவில் செபி விதிகளின்படி இவர்களின் பெயர் மெர்ச்சன்ட் பேங்கர். செபியில் பதிவு செய்யாமல் இந்தத் தொழில் செய்ய முடியாது.

விலை எப்படிப் பிறக்கிறது?

ஒரு கம்பெனி பங்கு வெளியிட முடிவு செய்ததும் பல வங்கிகளை அழைத்துப் பேசும். தொழிலில் இதற்கு 'பியூட்டி பரேட்' என்று பெயர். ஒவ்வொரு வங்கியும் "உங்க கம்பெனி இவ்வளவு கோடி பெறும், எங்க ஆய்வாளர்கள் இந்தத் துறையில் பெரிய ஆட்கள், எங்ககிட்ட இத்தனை ஃபண்டுகள் இருக்காங்க" என்று விற்கும். கவனியுங்கள், இந்தக் கட்டத்தில் அதிக மதிப்பு சொல்லும் வங்கிக்கு வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம். சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

வேலை கிடைத்ததும் ஆவணம் தயாரிப்பது, செபியின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று மாதக்கணக்கில் போகும். அதன் பிறகு ரோட் ஷோ: மும்பை, சிங்கப்பூர், ஹாங்காங், லண்டன், நியூயார்க் என்று ஃபண்ட் மேலாளர்களைச் சந்தித்து, "எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவீங்க?" என்று நாடி பிடித்துப் பார்ப்பார்கள். அதை வைத்து விலைப் பட்டை அறிவிக்கப்படும். வெளியீடு திறப்பதற்கு முந்தைய நாள் ஆங்கர் முதலீட்டாளர்கள் எனப்படும் பெரிய ஃபண்டுகளுக்கு ஒரு பகுதி போய்விடும். நீங்கள் மொபைலில் யுபிஐ வழியாக விண்ணப்பிக்கும்போது, முக்கியமான பேரம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இப்போது இந்தத் தரகரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கம்பெனிதான் கட்டணம் தருகிறது, எனவே விலை உயர வேண்டும். ஆனால் ஒரு கம்பெனி வாழ்நாளில் ஒருமுறைதான் ஐபிஓ வரும். பங்கு வாங்கும் ஃபண்டுகளோ வாரா வாரம் வங்கியோடு வியாபாரம் செய்பவர்கள். அவர்களை நஷ்டப்படுத்தினால் அடுத்த வெளியீட்டை யாரிடம் விற்பது? எனவே விலை கொஞ்சம் குறைவாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில்தான் வெளியீட்டு விலை நிற்கிறது. இந்தப் பேரத்தில் சிறு முதலீட்டாளருக்கு நாற்காலியே இல்லை. விதிமுறைகள்தான் அவருக்கான ஒரே பாதுகாப்பு.

பேடிஎம் நினைவிருக்கிறதா? 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு விற்ற பங்கு, முதல் நாளே சுமார் 27% விழுந்து 1,564 ரூபாயில் முடிந்தது. உலகின் மிகப் பெரிய பெயர்கள் அந்த ஆவணத்தில் இருந்தன. அந்த வெளியீட்டில் பங்கேற்காத மெக்குவாரி நிறுவனத்தின் ஆய்வறிக்கை மட்டும் இந்தப் பங்கு 1,200 ரூபாய்தான் பெறும் என்றது. வெளியே நின்றவர் சொல்ல முடிந்ததை உள்ளே இருந்தவர்கள் சொல்லவில்லை. அதை வெறும் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: முதல் நாள் விலை மட்டுமே தீர்ப்பு ஆகாது. ஹூண்டாய் பங்கு 2025-இல் 1,960-ஐத் தாண்டி மேலே போனது.

"அண்டர்ரைட்டிங்" என்றால் உண்மையிலேயே ரிஸ்க் எடுக்கிறார்களா?

பாடப்புத்தகத்தில், விற்காத பங்கை வங்கியே வாங்கிக்கொள்ளும் உத்தரவாதம்தான் அண்டர்ரைட்டிங் என்று இருக்கும். நடைமுறையில் ஐபிஓக்களில் இந்த ரிஸ்க் சின்னது. அமெரிக்காவில் வங்கி கம்பெனியிடமிருந்து மொத்தமாக வாங்கித்தான் விற்கும் என்றாலும், விலை முடிவாவது ஆர்டர்கள் எல்லாம் கையில் வந்த பிறகு, வர்த்தகம் தொடங்குவதற்கு முந்தைய இரவில். இந்தியாவிலும் அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் விலை தெரிந்த பின்தான் கையெழுத்தாகிறது.

ரிஸ்க் உண்மையாக இருக்கும் இடம் வேறு. 2022-இல் ஈலான் மஸ்க் 44 பில்லியன் டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது மார்கன் ஸ்டான்லி தலைமையிலான வங்கிகள் சுமார் 13 பில்லியன் டாலர் கடன் கொடுத்தன. உடனே அதை முதலீட்டாளர்களிடம் கைமாற்றிவிடுவது திட்டம். அதற்குள் வட்டி விகிதம் ஏறியது, ட்விட்டரின் விளம்பர வருமானம் விழுந்தது, வாங்க ஆளில்லை. 2025-இல்தான் அந்தக் கடனைத் தள்ளிவிட முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பணம் முடங்கிக் கிடந்தது.

கட்டணம் எவ்வளவு? அமெரிக்காவில் நடுத்தர அளவு ஐபிஓக்களுக்கு நீண்ட காலமாக எழுதப்படாத விலை 7%. 1990-களின் பிற்பகுதியில் 20 முதல் 80 மில்லியன் டாலர் வரையிலான வெளியீடுகளில் 90%-க்கும் மேல் சொல்லிவைத்தாற்போல் சரியாக 7% கட்டணம் என்று பேராசிரியர்கள் சென்னும் ரிட்டரும் கண்டுபிடித்தார்கள். போட்டி நடக்கிற சந்தையில் எல்லாக் கடையிலும் ஒரே விலை என்றால் என்ன அர்த்தம்? பெரிய வெளியீடுகளில் மட்டும் பேரம் நடக்கும். 2012-இல் ஃபேஸ்புக் தந்தது 1.1%தான், ஆனால் வெளியீடே 16 பில்லியன் டாலர் என்பதால் அதுவே 176 மில்லியன் டாலர்.

அதே ஃபேஸ்புக் வெளியீட்டில் இன்னொரு பாடமும் உண்டு. 38 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாள் 38.23-இல் முடிந்தது. அது தானாக நிற்கவில்லை, வங்கிகள் வாங்கித் தாங்கிப் பிடித்தன. இதற்குச் சட்டப்பூர்வமான வழி 'க்ரீன் ஷூ'. முதன்முதலில் இதைப் பயன்படுத்திய காலணிக் கம்பெனியின் பெயர் அது. வங்கி முதலிலேயே 15% வரை கூடுதலாகப் பங்கு விற்றுவைக்கும். விலை விழுந்தால் அந்தப் பணத்தில் சந்தையில் வாங்கி முட்டுக்கொடுக்கும். முட்டு எத்தனை நாள் நிற்கும்? அந்த செப்டம்பரில் ஃபேஸ்புக் 18 டாலருக்குக் கீழே போய்விட்டது.

நடுவில் ஒரு சுவர்

ஒரு கூரையின் கீழ் பங்கு வெளியிடும் பிரிவு, பங்கைப் பற்றி "வாங்கலாம், விற்கலாம்" என்று எழுதும் ஆய்வுப் பிரிவு, அதே பங்கை வாங்கி விற்கும் டிரேடிங் பிரிவு என்று மூன்றும் இருக்கும். இவற்றுக்கிடையே தகவல் கசியக் கூடாது என்பதற்காக ஒரு தடுப்பு உண்டு. தொழிலில் 'சீனச் சுவர்' என்பார்கள்.

அந்தச் சுவரில் எத்தனை ஓட்டை என்பது டாட்காம் காலத்தில் தெரிந்தது. வெளியே "வாங்குங்கள்" என்று பரிந்துரைத்த பங்குகளை ஆய்வாளர்கள் உள்ளே மின்னஞ்சலில் மட்டமாகப் பேசியது விசாரணையில் வெளிவந்தது. 2003-இல் வால் ஸ்ட்ரீட்டின் 10 பெரிய நிறுவனங்கள் மொத்தம் சுமார் 1.4 பில்லியன் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. பிறகு விதிகள் இறுகின. ஆனாலும் ஃபேஸ்புக் ஐபிஓவுக்குச் சற்று முன் வருமானக் கணிப்பு குறைக்கப்பட்ட செய்தி பெரிய ஃபண்டுகளுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது என்ற விவகாரத்தில் மார்கன் ஸ்டான்லிக்கு மாசசூசெட்ஸ் மாநிலம் 5 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. 176 மில்லியன் கட்டணத்துக்கு முன்னால் 5 மில்லியன் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டி எங்கே நடக்கிறது?

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது ஆலோசனை சொல்வதுதான் இந்தத் தொழிலின் கௌரவமான முகம். வங்கியின் சொந்தப் பணம் தேவையில்லை. அறிவும் தொடர்பும் போதும். அதனால்தான் லசார்ட், எவர்கோர், ரோத்ஸ்சைல்ட் போன்ற சின்ன நிறுவனங்களும் ஜாம்பவான்களோடு மோத முடிகிறது. இங்கே கட்டணத்தின் பெரும்பகுதி ஒப்பந்தம் முடிந்தால்தான் வரும். "இதை வாங்காதீங்க" என்று சொல்லும் ஆலோசகருக்குக் கிடைப்பது நல்ல பெயர் மட்டுமே என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற துறைகளில் பண பலம்தான் ஆயுதம். "உனக்குக் கடன் தருகிறேன், அடுத்த பங்கு வெளியீட்டை எனக்குக் கொடு" என்பது வெளிப்படையாகப் பேசப்படாத பேரம். ஜே.பி. மார்கன் கட்டண வருமானப் பட்டியலில் ஆண்டுக்கணக்காக முதலிடத்தில் இருப்பதற்கு அதன் பிரம்மாண்டமான இருப்புநிலைக் கணக்கு ஒரு பெரிய காரணம். 'லீக் டேபிள்' எனப்படும் இந்தத் தரவரிசைக்காகவே வங்கிகள் கட்டணத்தைக் குறைப்பதும் உண்டு. இந்தியாவில் அரசு நிறுவனப் பங்கு விற்பனைகளுக்குப் பெயரளவுக் கட்டணத்தில் வேலை செய்ய வெளிநாட்டு வங்கிகள் முண்டியடித்ததும் இதனால்தான். அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட அந்தப் பெயர் தேவை.

உலக அளவில் பார்த்தால் ஐரோப்பியர்கள் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். டாய்ச்சே வங்கி 2019-இல் பங்கு வர்த்தகத்தையே மூடி 18,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அமெரிக்க வங்கிகளுக்குச் சொந்த ஊரிலேயே உலகின் மிகப் பெரிய மூலதனச் சந்தை இருக்கிறது. அங்கே சம்பாதித்து மற்ற ஊர்களில் சண்டை போட முடியும்.

வேகமும் ஓர் ஆயுதம். 2021 மார்ச்சில் ஆர்கிகாஸ் என்ற முதலீட்டு நிறுவனம் மூழ்கியது. பல வங்கிகளிடமும் கடன் வாங்கி ஒரே பங்குகளில் குவித்திருந்தது. எந்த வங்கிக்கும் முழுப் படம் தெரியாது. கோல்ட்மேன் போன்றவர்கள் அந்த வெள்ளிக்கிழமையே கையிலிருந்த பங்குகளைக் கொட்டி விற்றுத் தப்பித்தார்கள். தாமதித்த கிரெடிட் சூயிஸுக்கு நஷ்டம் சுமார் 5.5 பில்லியன் டாலர், ஜப்பானின் நோமுராவுக்குச் சுமார் 2.9 பில்லியன். அதற்கு மேல் அடுக்கடுக்காக வந்த பிரச்சினைகளில் வாடிக்கையாளர்கள் நம்பிக்கை இழந்து பணத்தை எடுத்தார்கள். 1856-இல் தொடங்கிய கிரெடிட் சூயிஸ் 2023 மார்ச்சில் 3 பில்லியன் ஃபிராங்குக்குப் போட்டியாளரான யுபிஎஸ்ஸிடம் போனது.

போட்டி புதிய சந்தைகளைத் தேடித் துரத்தும்போது என்ன நடக்கும் என்பதற்கு மலேசியாவின் 1எம்டிபி உதாரணம். 2012-13-இல் அந்த அரசு நிதியத்துக்காக கோல்ட்மேன் 6.5 பில்லியன் டாலர் பத்திரங்களை வெளியிட்டுக் கொடுத்து சுமார் 600 மில்லியன் கட்டணம் பெற்றது. இது 9 சதவீதத்துக்கும் மேல். பத்திர வெளியீட்டுக்கு யாரும் இவ்வளவு கொடுப்பதில்லை. அந்தத் தொகையைப் பார்த்ததுமே மணி அடித்திருக்க வேண்டாமா? அந்தப் பணத்திலிருந்து பெருந்தொகை திருடப்பட்டது. 2020-இல் கோல்ட்மேன் மலேசியாவுடன் 3.9 பில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் அதிகாரிகளுக்கு 2.9 பில்லியனுக்கும் மேல் கட்டச் சம்மதித்தது.

ஏன் ஒரே வார இறுதியில் கவிழ்கிறார்கள்?

சொந்தப் பணம் குறைவு, கடன் அதிகம். லேமன் பிரதர்ஸ் கவிழும் முன்பு அதன் சொந்த மூலதனத்தைப் போல ஏறக்குறைய 30 மடங்கு சொத்து வைத்திருந்தது. அதாவது 30 லட்சம் ரூபாய் வீட்டை 1 லட்சம் கைக்காசு, 29 லட்சம் கடன் என்று வாங்கிய மாதிரி. வீட்டு விலை 4% இறங்கினால் உங்கள் பணம் மொத்தமும் காலி. இதில் பெரும்பகுதி தினமும் புதுப்பிக்க வேண்டிய குறுகிய காலக் கடன் வேறு. கடன் தருபவர்கள் ஒருநாள் காலை "இன்னைக்கு இல்லை" என்று சொன்னால் கதை முடிந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று 158 வயதான லேமன் திவால் மனு போட்டது. அதன் அமெரிக்க வியாபாரத்தை பார்க்லேஸ் வாங்கியது. ஆசிய, ஐரோப்பியப் பிரிவுகள் நோமுராவுக்குப் போயின. மும்பை பவாயில் இருந்த லேமனின் சேவை மையமும் அதில் அடக்கம். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மாறியது அடையாள அட்டை.

இந்தியாவில் யார், நீங்கள் எங்கே?

தாராளமயத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டு வங்கிகள் முதலில் உள்ளூர்த் துணையோடு வந்தன. கோல்ட்மேன் கோட்டக்கோடும், மார்கன் ஸ்டான்லி ஜேஎம் குழுமத்தோடும் கூட்டு வைத்தன. 2006, 2007-இல் இரண்டு ஜோடியும் பிரிந்தன. இன்று அதே பெயர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சில வெளியீடுகளில் ஒரே ஆவணத்தில் பக்கத்துப் பக்கத்து லோகோவாகவும் நிற்கின்றன.

ஆனால் உங்களில் பலருக்கு இந்த வங்கிகளோடு நேரடித் தொடர்பு வேறு வழியில் இருக்கும். கோல்ட்மேன் 2004-இல் பெங்களூருவிலும் 2021-இல் ஹைதராபாத்திலும் மையம் திறந்தது. சென்னையில் சிட்டி, பார்க்லேஸ், பிஎன்பி பரிபா ஆகியவற்றுக்குப் பெரிய மையங்கள் உண்டு. ரிஸ்க் கணக்கீடு, வர்த்தகங்களைச் சரிபார்த்து முடித்துவைப்பது, மென்பொருள் என்று ஒரு காலத்தில் 'பேக் ஆஃபீஸ்' என்று ஒதுக்கப்பட்ட வேலைகள் இப்போது இங்கிருந்துதான் நடக்கின்றன. ஆர்கிகாஸ் மாதிரி விஷயங்களில் வங்கியைக் காப்பாற்ற வேண்டியது ரிஸ்க் பிரிவுதான். ஆனால் போனஸ் என்று வந்தால் டீல் கொண்டுவருபவர்தான் இன்னும் முன்னால் நிற்கிறார்.

சரி, அடுத்த ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த 400, 500 பக்க ஆவணத்தில் என்ன பார்க்கலாம்? முதலில் பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஹூண்டாய் வெளியீட்டில் ஒரு ரூபாய்கூட இந்தியக் கம்பெனிக்குப் போகவில்லை. விற்றது கொரியத் தாய் நிறுவனம், மொத்தமும் அதற்கே. வெளியீட்டுச் செலவுக்கான பகுதியில் வங்கிகளின் கட்டணம் இருக்கும். ஆங்கர் முதலீட்டாளர்களின் பட்டியல் வெளியீடு திறப்பதற்கு முன்பே பங்குச் சந்தை இணையதளங்களில் வந்துவிடும். அவர்கள் பங்கில் பாதியை 30 நாட்களுக்கும் மீதியை 90 நாட்களுக்கும் விற்க முடியாது. அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துவைப்பவர்கள் உண்டு.

கடைசியாக, பலர் புரட்டாமலே விடும் ஓர் அட்டவணை. இதே வங்கிகள் முன்பு நடத்திய வெளியீடுகள் பட்டியலான பின் 30, 90, 180-ஆவது நாட்களில் எத்தனை சதவீதம் ஏறின, இறங்கின என்று ஒவ்வொரு வங்கியும் ஆவணத்திலேயே சொல்லியாக வேண்டும் என்பது செபி விதி. லோகோ முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும். இந்த அட்டவணை நானூறு பக்கம் தள்ளி, பொடி எழுத்தில்.